பொம்மை ஒன்று, படம் ஆயிரம்

1972-இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் பிளைத் என்ற பொம்மையைக் கடைகளுக்கு அனுப்பியது. உயரம் ஏறத்தாழ 28 செ.மீ. உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தலை. பின்மண்டையில் தொங்கும் கயிற்றை இழுத்தால் கண்ணின் நிறம் மாறும்: ஆரஞ்சு, பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று 4 நிறங்கள். குழந்தைகள் மிரண்டார்களோ என்னவோ, சரக்கு நகரவில்லை. ஓராண்டிலேயே உற்பத்தி நின்றுபோனது.

25 ஆண்டுகள் கழித்து, 1997-இல், அந்தப் பழைய பொம்மைகளில் ஒன்று நியூயார்க்கைச் சேர்ந்த வீடியோ தயாரிப்பாளர் ஜினா கரானிடம் நண்பர் மூலம் வந்து சேர்ந்தது. கேமரா பழகுவதற்கு அதையே மாடலாக்கினார்; போகும் ஊருக்கெல்லாம் தூக்கிப்போய்ப் படமெடுத்தார். 2000-இல் ‘திஸ் இஸ் பிளைத்’ என்ற படநூல் வெளிவந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஜப்பானின் பார்கோ அங்காடிகள் பிளைத்தையே விளம்பரத்தில் நிறுத்தின. 2001-இல் டகாரா நிறுவனம் அதை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. குழந்தைகளை நம்பி 1 ஆண்டுகூடத் தாங்காத பொம்மை, பெரியவர்களை நம்பி 20 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தது புகைப்படம்தான்.

பொம்மை சேர்ப்பவர்களைப் பற்றிப் பேசினால் எல்லாரும் முதலில் கேட்பது எண்ணிக்கை. ஜெர்மனியின் பெட்டினா டோர்ஃப்மன் 15,000 பார்பிகளைச் சேர்த்து 2011-இல் கின்னஸ் பட்டியலில் ஏறினார். பார்பி ஒன்றின் உயரம் 29 செ.மீ. 15,000-ஐயும் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்தால் 4.35 கிலோமீட்டர். நாளுக்கு ஒரு பொம்மையைப் படம் பிடித்தால் முடிக்க 41 ஆண்டுகள் வேண்டும்.

அடுத்த கேள்வி விலை. 1959-இல் முதல் பார்பி 3 டாலர். 2010-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு பார்பி 3,02,500 டாலருக்குப் போனது. ஆனால் அதன் கழுத்தில் இளஞ்சிவப்பு வைரம் பதித்த அட்டிகை இருந்தது. அதை நகை வியாபாரத்தில் எழுதுங்கள், நம் கணக்கில் வேண்டாம்.

படமெடுப்பவரின் பேரேட்டில் நான் முக்கியமாகக் கருதும் பத்தி வேறு: ஒரு படத்துக்கு எவ்வளவு? பொம்மை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய வாரத்தில் 10 படம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால், படம் ஒன்றுக்கு 1,500 ரூபாய். நாளுக்கு ஒன்றாக ஓராண்டு எடுத்தால் 41 ரூபாய். ஆயிரம் எடுத்தால் 15 ரூபாய். பத்தாவது பொம்மைக்குப் பணம் சேர்ப்பதைவிட முதல் பொம்மைக்கு ஆயிரமாவது படம் எடுப்பது கஷ்டம். ருசியும் அதில்தான் அதிகம்.

கஷ்டம் எங்கே வருகிறதென்றால், 6-ஆல் வகுப்பதில். பிளைத், பார்பி இரண்டும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அளவு. 45 செ.மீ. நாற்காலி 7.5 செ.மீ. ஆக வேண்டும். அதைச் செய்துவிடலாம். மழைத்துளியையும் வேப்பிலையையும் யார் சுருக்குவது? 6 செ.மீ. வேப்பிலை பொம்மைக்கு 36 செ.மீ. வாழைச்சருகு போலக் கிடக்கும். அதனால்தான் தோட்டத்தில் எடுப்பவர்கள் பாசியைப் புல்வெளியாக்குகிறார்கள்.

லென்ஸ் இன்னும் பொல்லாதது. ஆளைப் படமெடுக்க 3.6 மீட்டர் தள்ளி நின்றால், பொம்மைக்கு 60 செ.மீ. பெரிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்தால், ஆளுக்குச் சுமார் 61 செ.மீ. ஆழம் துல்லியமாக விழும். பொம்மைக்கு 10 செ.மீ. கிடைக்கும் என்றுதான் தோன்றும். கிடைப்பது 1.6 செ.மீ. பொம்மை 6 மடங்கு சிறுத்தால் துல்லிய ஆழம் ஏறக்குறைய 36 மடங்கு சிறுத்துவிடுகிறது. கண்ணுக்குக் குவித்தால் காது மங்கும். எஃப் 11-க்குப் போனால் 8.7 செ.மீ. ஆகும், ஆனால் வெளிச்சம் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். 1/200 விநாடியில் எடுத்த படத்துக்கு இப்போது 1/6 விநாடி வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். மாடல் கண் சிமிட்டாது, தலை ஆட்டாது, பசிக்கிறது என்று சொல்லாது. சென்சார் சின்னது என்பதால் கைபேசிக்கு ஆழம் தானாகவே கூடுதலாகக் கிடைக்கும். பெரிய கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

இதே கணக்கு வெளிச்சத்தில் நமக்குச் சாதகம். 90-க்கு 120 செ.மீ. ஜன்னல், பொம்மைக்கு 5.4-க்கு 7.2 மீட்டர். அவ்வளவு பெரிய மென்வெளிச்சம் சினிமா ஸ்டூடியோவில் வாடகைக்குக் கிடைக்கும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டு போதும். பொம்மையின் கண்மட்டம் தரையிலிருந்து 25 செ.மீ. இருப்பதால் நாம்தான் குப்புறப் படுக்க வேண்டும். வீட்டில் யாராவது சிரிப்பார்கள், அது கணக்கில் சேராது.

துணிக்கு ஒரு கணக்கு. ஐந்தரை மீட்டர் நீளம், 115 செ.மீ. அகலமுள்ள புடவை பொம்மைக்கு 92-க்கு 19 செ.மீ. இழை மட்டும் சுருங்காது. கெட்டிப் பருத்தி அட்டை மாதிரி விறைத்து நிற்கும், மல் துணிதான் மடிப்புக்கு அடங்கும். 80 செ.மீ. ரவிக்கைத் துணி 1 மீட்டர் அகலத்தில் கிடைத்தால், அகலவாக்கில் வெட்டி 4 புடவை எடுக்கலாம். மீதி 4 செ.மீ. பட்டையில் ரவிக்கையும் தேறும், கை வைக்காத ரவிக்கை.