செய்தியால் திறக்கும் வால்வு

ஒரு விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் இரண்டே நிலைகளைக் கொண்ட காரியம்; ஆனால் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் நடைபெறும் காரியங்களுள் பெரும்பாலானவை இரண்டு நிலைகளுக்குள் அடங்கிவிடுவன அல்ல. கொதிகலனுக்கு எரிபொருள் எவ்வளவு செல்ல வேண்டும், குளிர்விக்கும் நீரின் வால்வு எத்தனை பங்கு திறந்திருக்க வேண்டும், விசிறியைச் சுழற்றும் மோட்டார் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்', 'இல்லை' என்ற விடைகள் போதா. அளவைச் சொல்லியாக வேண்டும். கணினியில் எண்ணாக இருக்கும் அந்த அளவை, கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவாக மாற்றித் தருகிற சிறு சாதனத்துக்குத்தான் அனலாக் அவுட்புட் மாட்யூல் என்று பெயர். கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்துகொண்டு, குழாய்களில் பாயும் நீராவியையும் எண்ணெயையும் அது அடக்கி ஆள்கிறது. அதற்குரிய கட்டளை அடுத்த அறையிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இன்று இல்லை. கடல் கடந்த ஊரிலிருந்தும் சில எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியாக அது வந்து சேரலாம். அவ்வாறு செய்தியைக் கொண்டு வால்வை ஆள முற்படுகிறவர்கள், செய்தி வரும்போது என்ன நடக்கும் என்பதைக் காட்டிலும், செய்தி வராதபோது என்ன நடக்கும் என்பதையே அதிகமாகச் சிந்திக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அந்த மின்சாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உலகெங்கும் தொழிற்சாலைகளில் நிலைபெற்றுவிட்ட சம்பிரதாயம், அளவு பூஜ்யமானால் 4 மில்லி ஆம்பியர், முழு அளவானால் 20 மில்லி ஆம்பியர் என்பதாகும். வால்வு பாதி திறக்க வேண்டுமானால் 12. முப்பத்தைந்து சதவீதம் திறக்க வேண்டுமானால் 9.6. இதையே 0 முதல் 10 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக அனுப்புகிற வழக்கமும் உண்டு. ஆயினும் நீண்ட தூரம் ஓடும் கம்பியில், கம்பியின் தடையாலும் அருகில் ஓடும் பெரிய மோட்டார்களின் மின் இரைச்சலாலும் மின்னழுத்தம் பிறழக்கூடும். மின்னோட்டமோ ஒரே வளையமாகப் போய்த் திரும்புவதால், அந்த வளையத்தில் எவ்விடத்தில் அளந்து பார்த்தாலும் அதே அளவாகவே இருக்கும். மாட்யூலுக்குள் இருக்கும் மாற்றி 12 பிட் திறனுடையதானால், முழு வீச்சையும் 4,096 படிகளாகப் பிரித்து இந்த ஓட்டத்தை அமைக்கிறது. 16 பிட் ஆனால் 65,536 படிகள்.

பூஜ்யத்தைக் குறிக்க ஏன் 4 என்று வைத்தார்கள், 0 என்றே வைத்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்த வழக்கம் மின் சமிக்ஞைக்கும் முந்தியது. வால்வுகளைக் காற்றழுத்தத்தால் மட்டுமே ஆண்டுவந்த நாட்களில், பூஜ்யத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தமும், முழு அளவுக்கு 15 பவுண்டு அழுத்தமும் என்று வகுத்திருந்தார்கள். 3க்கு 15 என்ற அந்த ஒன்றுக்கு ஐந்து விகிதமே பிற்பாடு 4க்கு 20 என்று மின்சாரத்துக்கும் வந்தது. குழாய் வெடித்தால் அழுத்தம் 3க்கும் கீழே போகும். கம்பி அறுந்தால் மின்சாரம் 4க்கும் கீழே, ஒன்றுமில்லாமல், போய்விடும். ஆகவே, 'வால்வை மூடு' என்று யாரோ வேண்டுமென்றே சொன்னதற்கும், சொல்லுகிறவனே இல்லாமல் போனதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கம்பியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. அளவுமானிகளிலிருந்து வரும் சமிக்ஞைக்கு ஜெர்மனியின் நாமூர் சங்கம் இதை இன்னும் நுணுக்கமாக்கி, 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழும் 21க்கு மேலும் வருவதைக் கோளாறின் அறிவிப்பாகவே கொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. மௌனத்தைப் பூஜ்யம் என்று தவறாகப் படித்துவிடாதபடி செய்த இந்த ஏற்பாட்டை, பொறியியலில் தோன்றிய மிக உயர்ந்த யோசனைகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இனி செய்தியின் சரித்திரத்துக்கு வருவோம். 1979ஆம் ஆண்டில் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மாட்பஸ் என்ற முறைதான் வெகு காலமாக இத்தகைய சாதனங்களின் பொது மொழியாக இருந்துவருகிறது. அதில் தலைமைக் கணினி ஒவ்வொரு சாதனத்தையும் அதன் எண்ணைச் சொல்லி அழைத்து, 'இந்தப் பதிவேட்டில் இந்த எண்ணை எழுதிக்கொள்' என்று கட்டளையிடும். நிலைமையை அறிய வேண்டுமானாலும் தானே போய்க் கேட்க வேண்டும். ஒரே ஆலைக்குள் இது வெகு திருப்திகரமான முறை. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தூரம் பாலைவனத்திலும் வனாந்தரத்திலும் ஓடும் எண்ணெய்க் குழாயின் நெடுகிலும் நிலையங்கள் இருந்து, அவற்றுக்குச் செயற்கைக்கோள் ஒன்றே தொடர்பு என்றிருக்குமானால், மாறுதல் ஒன்றும் இல்லாதபோதும் ஒவ்வொரு நிலையத்தையும் ஓயாமல் விசாரித்துக்கொண்டிருப்பது பெருஞ்செலவு. அமெரிக்காவின் பிலிப்ஸ் 66 எண்ணெய் நிறுவனத்தின் குழாய்களுக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தபோது, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும், ஆர்காம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பரும் 1999இல் சேர்ந்து வகுத்த செய்தி முறைதான் எம்.கியூ.டி.டி. அதன் மிகச் சிறிய செய்தியின் தலைப்பகுதி இரண்டே பைட்டுகள். 2014இல் ஓயாசிஸ் என்ற சர்வதேச அமைப்பு அதன் 3.1.1 பதிப்பைப் பொதுத் தரமாக ஏற்றது. 2019இல் ஐந்தாம் பதிப்பு வந்தது.

இதில் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் நடுவே புரோக்கர் என்று வழங்கப்படும் ஒரு மத்திய கணினி இருக்கிறது. ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறவர் தம் வாசகர் இன்னார் என்று அறியாமலே எழுதுவதும், சந்தா கட்டிய வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை போய்ச் சேருவதும் எவ்வாறோ, அவ்வாறே இங்கும் ஒரு தலைப்பின் கீழ்ச் செய்தி வெளியிடப்படுகிறது. அந்தத் தலைப்புக்குச் சந்தாதாரராகப் பதிந்துகொண்ட சாதனங்கள் அதைப் பெறுகின்றன. 'ஆலை/கொதிகலன்2/வால்வு3/கட்டளை' என்பது போலச் சாய்கோடுகளால் பிரித்துத் தலைப்பை எழுதுவார்கள். யூனிகோடு எழுத்துகளை இந்த முறை ஏற்கும் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதினாலும் அது செல்லும் என்பதைச் சந்தோஷத்துடன் இங்கே சொல்லிக்கொள்கிறேன். மாட்யூல் தானே வெளியே சென்று புரோக்கருடன் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வதால், ஆலையின் பாதுகாப்பு வேலியில் வெளியாருக்காக வாசல் எதுவும் திறந்து வைக்க வேண்டுவதில்லை என்பது இன்னொரு சௌகரியம்.

ஆகவே, அந்தத் தலைப்பில் '35' என்று யாரேனும் வெளியிட, மாட்யூல் அதைப் பெற்று, 9.6 மில்லி ஆம்பியரைக் கம்பியில் செலுத்த, வால்வின் தலையில் அமர்ந்திருக்கும் கருவி அந்த மின்சாரத்துக்கு ஏற்பக் காற்றழுத்தத்தை அமைக்க, தண்டு நகர்ந்து வால்வு திறக்கிறது. ஆனால் '35' என்பது சதவீதமா, மில்லி ஆம்பியரா, அல்லது 4,096 படிகளில் முப்பத்தைந்தாவது படியா என்பதைப் பற்றி எம்.கியூ.டி.டி. சிறிதும் கவலைப்படாது, உறைக்குள் இருப்பதை அது படிப்பதே இல்லை. அந்த நிர்ணயம் முழுக்க முழுக்க அமைப்பவர்களின் பொறுப்பு. அதை எழுத்தில் வைக்காமல் வாய்ச்சொல்லாக விட்டுவிடுவது பெரும் பிழை.

செய்தி போய்ச் சேர்வதற்கு மூன்று தரங்களில் உத்தரவாதம் உண்டு. அதிகபட்சம் ஒரு முறை என்பது முதல் தரம். போய்ச் சேராமலும் போகலாம். குறைந்தபட்சம் ஒரு முறை என்பது இரண்டாவது. ஒப்புகை வழியில் தொலைந்தால் அதே செய்தி மறுபடியும் வரக்கூடும். சரியாக ஒரே முறை என்பது மூன்றாவது. அதற்கு நான்கு பரிமாற்றங்கள் வேண்டும். இவற்றுள் வால்வுக்கு இரண்டாவது தரமே பெரும்பாலும் போதுமானது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 'முப்பத்தைந்துக்குத் திற' என்ற கட்டளை இரு முறை வந்தாலும் வால்வு முப்பத்தைந்திலேதான் நிற்கும். 'இன்னும் ஐந்து திற' என்ற கட்டளை இரு முறை வந்தாலோ பத்தாகிவிடும். ஆதலால் கட்டளை எப்போதும் அடைய வேண்டிய நிலையைச் சொல்ல வேண்டுமே அல்லாது, கூட்டவும் குறைக்கவும் சொல்லலாகாது.

புதிதாக இத்துறைக்கு வருகிறவர்களை மயக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அனுப்பியவருக்கு ஒப்புகை கிடைத்துவிட்டால் காரியம் நடந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த ஒப்புகை புரோக்கர் கொடுத்தது, வால்வு கொடுத்ததன்று. புரோக்கர் பெற்ற பிறகு மாட்யூல் அதைப் பெற வேண்டும். மாட்யூல் பெற்ற பிறகு மின்சாரம் ஓட வேண்டும். கம்பி அறுந்திருந்தால் அது ஓடாது. மின்சாரம் ஓடினாலும், துருப்பிடித்த தண்டு அசையாமல் நின்றுவிடலாம். ஆகவே, கட்டளைக்கு ஒரு தலைப்பும் நிலைமைக்கு வேறொரு தலைப்பும் வைத்து, பெற்ற கட்டளை எது, உண்மையில் ஓடும் மின்சாரம் எவ்வளவு, தண்டின் இருப்பிடத்தை அளக்கும் கருவி சொல்வது என்ன என்று மூன்றையும் மாட்யூலின் தரப்பிலிருந்து திரும்ப அறிவிக்கச் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் தாம் அனுப்பிய எண்ணையே பெரிதாகக் காட்டி, அதையே வால்வின் நிலை என்று பாவிக்கும் அமைப்புகள் ஆபத்தானவை.

எம்.கியூ.டி.டி.யில் தங்கும் செய்தி என்று ஒரு வசதி உண்டு. ஒரு தலைப்பில் கடைசியாக வந்த செய்தியைப் புரோக்கர் சேமித்து வைத்திருந்து, புதிதாகச் சந்தாதாரராகிறவருக்கு உடனே கொடுத்துவிடும். நிலைமையை அறிவிக்கும் தலைப்புக்கு இது மிக உபயோகம். கட்டளைத் தலைப்புக்கோ இதனால் விபரீதம் நேரலாம். 'எண்பது சதவீதம் திற' என்று பிற்பகலில் சொல்லப்பட்ட கட்டளை தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் மின்சாரம் நின்று, பழுதுபார்ப்பவர்கள் குழாயைப் பிரித்து வேலை செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் திரும்புகிறது. மாட்யூல் விழித்தெழுந்து, புரோக்கருடன் தொடர்புகொண்ட அந்த க்ஷணத்திலேயே, யாருடைய சித்தத்திலும் இப்போது இல்லாத அந்தப் பழைய கட்டளையைப் பெற்று வால்வைத் திறக்க முற்படும். ஐந்தாம் பதிப்பில் ஒரு செய்தி இத்தனை விநாடிகளுக்குமேல் செல்லாது என்று காலவரையறை விதிக்க இடமிருக்கிறது. வால்வுகளை ஆள்கிறவர்கள் அதை அவசியம் பிரயோகிக்க வேண்டும்.

மௌனத்தைப் பற்றிய கேள்விக்கு இந்த முறையிலும் ஒரு விடை உண்டு. தொடர்பு ஏற்படும்போதே ஒவ்வொரு சாதனமும், 'நான் சொல்லிக்கொள்ளாமல் மறைந்துபோனால் என் பெயரால் இதை அறிவித்துவிடுங்கள்' என்று ஒரு செய்தியைப் புரோக்கரிடம் ஒப்படைத்து வைக்கலாம். அதற்குக் கடைசி உயில் என்றே பெயர். மில்லி ஆம்பியரின் 4 செய்கிற வேலையைச் செய்தியுலகில் இது செய்கிறது. ஆயினும் இதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. உயிரோடு இருப்பதைக் காட்ட 60 விநாடிக்கு ஒரு முறை பேசுவதாக மாட்யூல் ஒப்புக்கொண்டிருந்தால், அதன் ஒன்றரை மடங்கு காலம் வரை புரோக்கர் பொறுத்திருக்கும். ஆக, 90 விநாடிகள் வரை அது மறைந்துபோன விஷயம் ஒருவருக்கும் தெரியாமலிருக்கலாம். எரிபொருள் வால்வுக்கு 90 விநாடி நீண்ட காலம். மேலும், அந்த உயில் மற்றவர்களுக்குச் செய்தி சொல்லுமே தவிர, தொடர்பற்றுத் தனித்து நிற்கும் மாட்யூலுக்கு ஒன்றும் செய்யாது. எனவே, குறித்த காலத்துக்குள் கட்டளை வராவிட்டால் தன்னுடைய மின்சாரத்தை எந்த அளவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை மாட்யூலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே நிற்பதா, பூஜ்யத்துக்குப் போவதா என்பதற்குப் பொது விதி கிடையாது: எரிபொருள் மூடிக்கொள்ள வேண்டும்; குளிர்விக்கும் நீர் திறந்துகொள்ள வேண்டும். காற்றே நின்றுபோனாலும் இவ்விரண்டும் நடக்கும்படி, வால்வைச் செய்பவர்கள் காற்றழுத்தத்தின் நாட்களிலிருந்தே அதன் சுருள்வில்லை அமைத்துவருகிறார்கள். விநாடிக்குப் பல முறை அளந்து திருத்த வேண்டிய கட்டுப்பாட்டையும் அவசர நிறுத்தத்தையும் செய்தியின் கையில் விடவே கூடாது. அவை ஆலைக்குள்ளேயே, கம்பியிலேயே இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1883 என்ற எண்ணுள்ள வழியில் எம்.கியூ.டி.டி. செய்திகள் மறைவின்றியே செல்கின்றன. 8883இல் சங்கேதமாக்கப்பட்டுச் செல்கின்றன. ஆனால் மறைவு மட்டும் போதாது; அனுப்புகிறவர் யார் என்பதும் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள மரூச்சியில் 2000ஆம் ஆண்டில், கழிவுநீர் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், வானொலிக் கருவியால் பொய்க் கட்டளைகளை அனுப்பி, ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய வைத்தார். பம்புகள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தன. கட்டளையிடுகிறவர் யார் என்று கேட்க அவற்றுக்கு வழியில்லை. எந்தத் தலைப்பில் யார் எழுதலாம் என்ற பட்டியல் புரோக்கரிடம் இல்லாவிட்டால் அதே நிலைதான் இங்கும்.

இத்தகைய அமைப்பை நிறுவும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வால்வு திறக்கிறதா என்று சோதித்துக் கையொப்பமிடுமுன், மின்சாரத்தை அளக்கும் மீட்டரை வளையத்தில் வைத்துக்கொண்டு, மாட்யூலின் நெட்வொர்க் கேபிளை ஒரு முறை உருவுங்கள். புரோக்கரை ஒரு முறை நிறுத்துங்கள். மாட்யூலின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மீட்டரில் தெரியும் எண்ணை, ஆலையை நடத்துகிறவரை அருகில் வைத்துக்கொண்டு எழுதி, அது அவருக்குச் சம்மதமான எண்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.