அச்சு அசலாக ஒரே ஈ... ஆனால், வேறு ஈ!

குட்டீஸ்... வாழைப்பழத்தை இரண்டு நாள் அப்படியே கூடையில் விட்டால், எங்கிருந்தோ குட்டிக் குட்டி ஈக்கள் வந்து மொய்க்கும். பார்த்திருப்பீர்களே! எள் அளவுதான் இருக்கும். கண் மட்டும் சிவப்பாக இருக்கும். அதுதான் பழ ஈ. நாம் கையால் விசிறி விரட்டும் இந்த ஈயை, பால் பாட்டிலில் அடைத்து, வாழைப்பழம் கொடுத்து வளர்த்தார் ஒரு விஞ்ஞானி!

அவர் பெயர் தாமஸ் ஹன்ட் மார்கன். அமெரிக்காவில், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு அறை இருந்தது. அறை முழுக்க பாட்டில்கள். பாட்டில் முழுக்க ஈக்கள். 'ஈ அறை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முட்டை பெரிய ஈ ஆவதற்கு, சுமார் பத்து நாட்களே போதும். அதனால் தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறையை ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம். கண் நிறம், இறக்கை வடிவம் எல்லாம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படிப் போகின்றன என்பதை, ஈக்களை எண்ணி எண்ணியே கண்டுபிடித்தனர்.

இந்த வேலையில் எண்ணிக்கைதான் உயிர். பாட்டிலுக்குள் வேறு இன ஈ ஒன்று புகுந்துவிட்டால்? அத்தனை கணக்கும் பாழ்!

அப்படி ஒரு 'வேறு ஈ' உண்மையிலேயே இருந்தது. 1919ம் ஆண்டு, மார்கனின் மாணவர் ஆல்பிரெட் ஸ்டர்டெவன்ட் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார். இத்தனைக்கும், அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு! ஆய்வகத்தில் வழக்கமாக வளர்த்த ஈயின் பெயர் மெலனோகாஸ்டர். புது ஈக்கு அவர் வைத்த பெயர், சிமுலன்ஸ். 'வேறொன்றைப் போல நடிப்பது' என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்!

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஆண் ஈயின் வால் நுனியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சின்னத் தகடு இருக்கும். சிமுலன்ஸுக்கு அது சிப்பி ஓடு போல அகலமாக, வட்டமாக இருக்கும். மெலனோகாஸ்டருக்கோ ஒல்லியாக, கொக்கி போல இருக்கும். பெண் ஈக்களைப் பார்த்துப் பிரிப்பது மகா கஷ்டம்.

ஆனால், வால் கொஞ்சம் மாறியிருந்தால் மட்டும் வேறு இனம் என்று சொல்லிவிட முடியுமா? நம்மிலும் சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்குக் கோரை முடி. எல்லாரும் மனிதர்கள்தானே! அதனால், இரண்டு ஈக்களையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார் ஸ்டர்டெவன்ட்.

மெலனோகாஸ்டர் அம்மாவுக்கும், சிமுலன்ஸ் அப்பாவுக்கும் பிறந்தவற்றில் மகள்கள் மட்டுமே பிழைத்தன. மகன்கள் புழுப் பருவத்தைத் தாண்டாமல் இறந்தன. அம்மாவையும் அப்பாவையும் மாற்றிப் போட்டால், கதையும் மாறியது. மகன்கள் பிழைத்தன, மகள்களில் பெரும்பாலானவை முட்டையிலேயே இறந்தன. பிழைத்தவற்றுக்கும் வாரிசே இல்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காதே, அதுபோல! ஆக, இரண்டும் வேறு வேறு இனம்தான்.

(இறக்க வேண்டிய அந்த மகன்களைப் பிழைக்க வைக்கும் மரபணு ஒன்றை, 1979ல் ஜப்பான் விஞ்ஞானி வாட்டனபே சிமுலன்ஸிடமே கண்டுபிடித்தார்.)

ஸ்டர்டெவன்ட் அதோடு விடவில்லை. இரண்டு இனத்திலும், வெள்ளைக் கண் ஈக்கள் எப்போதாவது பிறக்கும். சிவப்பு நிறத்துக்கான மரபணு கெட்டுப் போவதே காரணம். இரண்டிலும் கெட்டது ஒரே மரபணுவா? வெள்ளைக் கண் மெலனோகாஸ்டர் அம்மாவுக்கு, வெள்ளைக் கண் சிமுலன்ஸ் அப்பாவை ஜோடி சேர்த்தால் தெரிந்துவிடும். மகளுக்கு ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். கெட்டவை வேறு வேறு மரபணு என்றால், ஒருவரிடம் கெட்டது இன்னொருவரிடம் நன்றாக இருக்கும். மகளுக்குக் கண் சிவந்துவிடும். ஆனால், மகள்களுக்கும் வெள்ளைக் கண்தான்! ஆக, ஒரே மரபணு.

இப்படி ஒவ்வொரு மரபணுவாக ஒப்பிட்டு வந்தவருக்கு, 1921ல் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. மரபணுக்கள், குரோமோசோம் என்ற இழையில் ரயில் பெட்டிகள் போல வரிசையாக இருக்கும். மூன்றாவது குரோமோசோமில், நடுவே பல பெட்டிகளை மொத்தமாகக் கழற்றி, திருப்பிக் கோத்தது போல வரிசை மாறியிருந்தது. அதே பெட்டிகள், ஆனால் தலைகீழ்!

இந்த ஈக்களுக்கு இன்னும் இரண்டு நெருங்கிய சொந்தங்கள், இந்தியப் பெருங்கடல் தீவுகளில் இருக்கின்றன. மொரீஷியஸ் ஈக்கு 1974லும், செஷல்ஸ் ஈக்கு 1981லும் பெயர் வைத்தனர். செஷல்ஸ் ஈ ரொம்ப விசேஷமானது. நம் ஊர் மஞ்சணத்தி மரத்தின் சொந்தமான நோனி மரத்தின் பழம்தான் அதற்கு உயிர். அந்தப் பழத்தில் உள்ள அமிலம், மெலனோகாஸ்டரையும் சிமுலன்ஸையும் கொன்றுவிடும். செஷல்ஸ் ஈயோ அதிலேயே ஜாலியாக முட்டையிடுகிறது!