முன் சக்கரம் முனகினால் மூடி மறைக்காதீர்!



ரயில்வேயில் அந்தக் காலத்தில் ஒரு வேலை உண்டு. நிற்கிற வண்டியின் சக்கரங்களை ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் 'தொப்'பென்று மங்கிப் பேசும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த நம் குடும்பங்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. இரும்புக்கும் வாய் உண்டு; கேட்பதற்குத்தான் காது வேண்டும்.

நம் தோட்டத்து 'ஃபோர் வீல்' வண்டிக்கும் இதே கதைதான். 1948இல் லேண்ட் ரோவர் வெளிவந்தது. பிறகு மலாயாத் தோட்டங்களிலும் ஓடியது. இன்று செம்பனைக் காட்டில் ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் ஓடுகின்றன. சேறு, செம்மண், பள்ளம், வாய்க்கால் எல்லாவற்றையும் முதலில் வாங்குவது முன் சக்கரங்கள். சாதாரண லோரியில் முன் சக்கரம் திரும்பினால் போதும். ஃபோர் வீலில் அது திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால்தான் முன் எக்ஸலில் தேய்மானம் அதிகம், சத்தமும் அதிகம்.

"என்னமோ சத்தம் வருது" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும்.

முதலாவது, 'ஊ...ம்' என்ற முனகல். வேகம் கூடக்கூட இதுவும் கூடும். வண்டியை இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும். அப்போது முனகல் பெருத்தால் பெரும்பாலும் வலப்பக்கச் சக்கர பியரிங்தான் காரணம். மண் ரோட்டுக்கான முரட்டு டயரும் தார் ரோட்டில் முனகும். ஆகவே டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது வரும் 'டிக், டிக், டிக்'. இது சக்கரத்தின் பக்கம் இருக்கும் சி.வி. ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே சிதறியிருக்கும். உறை கிழிந்த அன்றே மாற்றினால் செலவு கொஞ்சம். மண் புகுந்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கியர் போட்டு கிளட்ச் விடும்போது ஒரே ஒரு 'டக்'. புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு ஜாயின்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதுதான்.

நான்காவது, காலை அழுத்தினால் ஒரு சுதி, எடுத்தால் வேறு சுதியில் கத்துவது. எக்ஸலில் பானை மாதிரி இருக்கிறதே டிஃபரன்ஷியல், அதன் பல்சக்கரம் பேசுகிறது. எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அடித்திருகில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் உள்ளே தேய்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். காட்டு மண்ணிலிருந்து கிள்ளான், பந்திங் தார் ரோட்டுக்கு ஏறியும் ஃபோர் வீலை எடுக்காமல் சிலர் ஓட்டுவார்கள். பல பிக்கப்புகளில் அப்படி வளைத்தால் ஸ்டியரிங் கனக்கும், எக்ஸல் திமிறும், 'மடார்' என்று சத்தம் வரும். இது பழுதல்ல, ஓட்டும் முறையில் கோளாறு. ஆனால் அப்படியே பழகினால் பழுது வந்தே தீரும்.

பழைய வண்டிகளில் பலவற்றில் முன் சக்கர நடுவே கையால் திருப்பும் ஹப் பூட்டு இருக்கும். அதைத் திறந்துவிட்டு, டூ வீலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு உள்ளே: ஜாயின்ட், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல். சத்தம் நிற்கவில்லையா? பியரிங், டயர், பிரேக் பக்கம் தேடுங்கள்.

அடுத்து, சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கி அடியில் பலகை போட்டுத் தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்! சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பியரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது நக்கிள் பக்கம்.

பழைய ரக பியரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவலாம். உருளை நீலம் பாய்ந்திருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ அதை வெளிக்கிண்ணத்தோடு சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சீலைத் திரும்பப் போடக் கூடாது. நட்டை மிஞ்சி இறுக்கினால் பியரிங் சூடேறி எரியும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் பியரிங் மூடிய கட்டாக வரும். அதைப் பட்டறையில்தான் மாற்ற முடியும்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன்? ஒரு தோட்டத்து விசாரணைக்கு நான் போயிருந்தேன். முன் சக்கரம் முனகுகிறது என்று டிரைவர் மூன்று தடவை வாயால் சொல்லியிருக்கிறார். "இந்த வாரம் போகட்டும்" என்பதே பதில். இறக்கத்தில் சக்கரம் கழன்றது. பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். விசாரணையில், "எங்களிடம் யாரும் சொல்லவில்லை" என்றார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. பழி டிரைவர் தலையில் விழுந்தது. "வாயால சொன்னது காத்தோட போச்சுங்க ஐயா" என்று அவர் கலங்கினார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அன்று சைக்கிளில் உட்காரவே போராட வேண்டியிருந்தது. இன்று, ஏறுகிற வண்டி பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்கச் சட்டமே இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி வண்டியைப் பழுதில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக் குறையைப் புகார் செய்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 26A பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம்.

ஆகவே டிரைவர் தம்பிகளே, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, வண்டி எண், என்ன சத்தம், எப்போது வந்தது, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பட்டறை அதிகாரியிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். வண்டியில் ஏறும் அக்கா தங்கச்சிகளே, டிரைவர் "சத்தம் கேக்குது, பாத்துட்டுப் போவோம்" என்று நிறுத்தினால், "நேரமாச்சு, போப்பா" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் பக்கம் நில்லுங்கள். அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை. சாயங்காலம் எல்லாரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும்.