'பாளையம்' – சொல்லும் பொருளும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பரவிய வட்டாரத்தில் அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், ஆண்டிபாளையம் எனப் 'பாளையம்' என்னும் ஈறுடைய ஊர்ப்பெயர்கள் பல வழங்குகின்றன. பாளையக்காரர் வரலாற்றைப் பயின்ற மாணவர், இவையெல்லாம் குறுநிலத் தலைவர்தம் இருக்கைகள் போலும் எனக் கருதுதல் இயல்பே. அக்கருத்துப் பொருந்துமா என்பதை இச்சொல்லின் பொருள் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

படை தங்கும் இடத்தைச் சங்கச் சான்றோர் பாசறை, பாடி, கட்டூர் என்னும் சொற்களாற் குறித்தனர். பிற்காலத்தே அப்பொருளுக்குப் பாளையம் என்னும் சொல் பெருவழக்காயிற்று. 'பாளையம் இறங்குதல்' என்பது படை கூடாரமிட்டுத் தங்குதலாம். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பு, இசுரவேலர் பாலைநிலத்தில் தங்கிய இடத்தைப் 'பாளயம்' என்றே வழங்குகின்றது. ஆண்டு ஆட்சிப்பகுதி என்னும் பொருளுக்குச் சிறிதும் இடமில்லை. தெலுங்கில் 'பாளெமு' எனவும் கன்னடத்தில் 'பாளெய' எனவும் வழங்கும் இனச்சொற்களும் தங்கற்பொருள் உடையனவே. ஆதலின் தங்கல் என்பதே இச்சொல்லின் முதற்பொருள் எனக் கொள்கின்றோம்.

இம்முதற்பொருளினின்று இரு கிளைகள் தோன்றின. தங்கிய இடம் நிலையான குடியிருப்பாதல் ஒன்று. 'பாடி' என்பது ஊர்ப்பெயர் ஈறானமையும் இத்தகையதே. மற்றொன்று ஆட்சிப்பொருள். 16-ஆம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியார் துணையுடன் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார் என்பது மரபு. படையைப் பேணி, வேந்தன் அழைத்துழி உதவும் கடனுடையோன் பாளையக்காரன் எனப்பட்டான். அவன் ஆண்ட நிலம் பாளையம் ஆயிற்று. எனவே, இங்கு ஆட்சியுரிமை படைக்கடன் பற்றி வந்ததேயாம்.

இனி, அனுப்பர்பாளையம் என்பதில் கன்னடம் பேசும் அனுப்பர் குடியின் பெயர் முன்னிற்கின்றது. இது குடியிருப்புப் பொருளுக்கே பொருந்தும். மறுதலையாக, எத்தலப்ப நாயக்கர் மரபினர் ஆண்ட பாளையமாகிய தளி, உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ளது. அதன் பெயரிலோ இவ்வீறு இல்லை. எனவே ஊர்ப்பெயர் ஈறு ஒன்றையே கொண்டு ஆட்சியைத் துணிதல் பிழையாகும். கல்வெட்டும் பட்டயமும் வருவாய்ப் பதிவுகளும் வேண்டும்.

1799, 1801 ஆகிய ஆண்டுகளின் போர்களுக்குப் பின் பாளையக்காரர் படையுரிமை இழந்தனர். எஞ்சிய பாளையங்கள் பல சமீன்களாயின. 1948-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் சமீன் முறையையும் நீக்கிற்று. ஆட்சிப்பொருள் வரலாற்று நூல்களில் ஒடுங்க, குடியிருப்புப் பொருள் ஊர்ப்பெயர்களில் இன்றும் நின்று நிலவுகின்றது.