அத்துமீறலா, நிர்ப்பந்தமா? விடை காணாத கோவண்டி

புது தில்லி: பிறர் நிலத்தில் அனுமதியின்றி நுழைந்தவர் எல்லோரும் குற்றவாளிகள்தானா? மும்பையின் கிழக்குப் புறநகரான கோவண்டியில் குடிசைகளை அகற்றும் பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகிறது.

சட்டத்தின் விடை தெளிவானது. குற்றம் புரியவோ, நிலத்தை வைத்திருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற உள்நோக்கம் இருந்தால் மட்டுமே அது குற்றமுறு அத்துமீறல். வழி தவறி நுழைந்தவர் அதில் அடங்கமாட்டார். நுழைவதால் உரிமையாளருக்குத் தொல்லை நேரும் எனத் தெரிந்திருந்தாலும் போதாது. தொல்லை தருவதே நோக்கமாக இருக்க வேண்டும் என மாத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 329-வது பிரிவும் இந்த வரையறையைத் தக்கவைத்துள்ளது. சிறைத் தண்டனை முன்போலவே அதிகபட்சம் 3 மாதங்கள். அபராத உச்சவரம்பு மட்டும் ரூ. 500-லிருந்து ரூ. 5,000 ஆகியுள்ளது.

சேலத்துத் தொழிலாளியின் வழக்கு

இந்த நியாயம் ஏழைகளுக்கும் பொருந்தும் என்பதை நிலைநாட்டியது 1985 ஜூலை 10-ல் வெளியான ஓல்கா டெல்லிஸ் வழக்குத் தீர்ப்பு. மனுதாரர்களில் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-ல் சேலத்திலிருந்து மும்பை சென்ற நிலமற்ற கூலித் தொழிலாளி. 1981-ல் அவரது நடைபாதைக் குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்துடன் சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டார். பிழைப்புக்காக மீண்டும் மும்பைக்கே திரும்பினார்.

இத்தகையோர் விரும்பி ஆக்கிரமிக்கவில்லை. சூழ்நிலையின் நிர்ப்பந்தமே காரணம். எனவே குற்றமுறு அத்துமீறல் ஆகாது என்றது தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றும் அறிவித்தது. ஆனால், அங்கேயே தங்கும் உரிமையை அது வழங்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை அவகாசம் தந்து, அகற்றும் அதிகாரத்தை மாநகராட்சியிடமே விட்டுவிட்டது.

அரசே குடியேற்றிய இடம்

கோவண்டியின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. தேவ்னார் குப்பைக் கிடங்கை ஒட்டிய சிவாஜி நகர், 1970-களில் மாநகராட்சியே மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி. அருகிலுள்ள சீட்டா கேம்ப், 1976-ல் அவசரநிலைக் காலத்தில் அணுசக்தித் துறையின் தேவைக்காக அகற்றப்பட்ட ஜனதா காலனி மக்களின் மாற்றிடம். அவர்களில் தமிழர்கள் ஏராளம்.

குற்றவாளி அல்ல என்று சொன்ன சட்டம், எங்கே வாழ்வது என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் அதைத் தீர்மானிப்பது இன்றும் குடியேறிய தேதிதான். உரிய தேதிக்கு முன் வசித்ததற்குச் சான்று இருந்தால் மாற்று வீடு. இல்லையெனில், உள்நோக்கம் இருந்ததா என எவரும் கேட்பதில்லை.