பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி (தமிழ்நாடு)

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்பது சொந்த நிலம் உள்ள உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை இந்திய நடுவண் அரசு நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டமாகும். இது 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. 2019 பெப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. முதலில் இரண்டு எக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

பிற மானியங்களுடன் வேறுபாடு

உர மானியம் உர நிறுவனங்களுக்கும், தமிழ்நாட்டில் வேளாண் மின்னிணைப்புகளுக்கான இலவச மின்சாரத்தின் ஈட்டுத்தொகை மின்சார நிறுவனத்துக்கும் செல்கின்றன. உழவர் கையில் பணம் வருவதில்லை. இத்திட்டத்தில் பணமே வருகிறது. அதைச் செலவிடக் கட்டுப்பாடு இல்லை. தெலங்காணா மாநிலம் 2018 மே மாதத்தில் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் இதற்கு முன்னோடி. ஆனால் அங்கு ஏக்கர் கணக்கில் பணம் தரப்பட்டது. இங்கு அரை ஏக்கருக்கும் பத்து ஏக்கருக்கும் ஒரே தொகைதான். 2025 வரை இத்தொகை உயர்த்தப்படவில்லை.

யார் உழவர்?

திட்டத்தின் சிக்கல் அனைத்தும் இக்கேள்வியில் அடங்கியுள்ளது. விதிகளின்படி, நில ஆவணத்தில் பெயர் உள்ளவரே பயனாளி. வருமான வரி செலுத்துவோர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகியோரின் குடும்பங்களுக்குத் தகுதியில்லை. குத்தகைதாரருக்கும் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அவ்வாறு பதிவு பெற்றிருப்பினும் இப்பணம் கிடைக்காது. கோயில் நிலத்தில் உரிமையாளர் ஒரு நிறுவனமாக இருப்பதால் அந்நிலத்தின் பெயரில் எவருமே பெற இயலாது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது மேலும் கூர்மையாகிறது. அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி வட்டத்தில் மனைப்பிரிவுகளுக்கிடையே வயல்கள் எஞ்சியுள்ளன. பட்டாவில் நஞ்சை என்றிருந்தாலும் வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கு மாறிய நிலத்துக்குப் பணம் இல்லை என்பது விதி. மறுபுறம், வீடு கட்டும் நோக்கில் ஒருவர் வாங்கிப் போட்ட நிலத்தில் வாய்மொழிக் குத்தகைக்குக் கீரை பயிரிடுபவர் உண்மையில் உழவராக இருந்தும் ஆவணத்தில் இல்லை. நிலவுடைமைக்கான கணக்கு நாள் 2019 பெப்ரவரி 1 என்று வகுக்கப்பட்டு, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மரபுரிமை தவிர்த்த மாற்றங்கள் ஏற்கப்படா எனவும் கூறப்பட்டது. நிலம் அடிக்கடி கைமாறும் பகுதிகளில் இது சிறிய நிபந்தனை அன்று.

2020 முறைகேடு

கொரோனா முடக்கக் காலத்தில், பயனாளிகள் இணையதளத்தில் தாமே பதிவு செய்யும் வசதி தமிழ்நாட்டில் தவறாகப் பயன்படுத்தப்பட்டது. விண்ணப்பத்துக்கு ஒப்புதல் அளிக்க வேளாண் அலுவலர்களிடம் இருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குச் சென்றன. இடைத்தரகர்களும் சில கணினி மையத்தினரும் நிலமற்றோரின் ஆதார், வங்கி விவரங்களைப் பெற்றுப் பதிவு செய்தனர். அது கொரோனா உதவித்தொகை என்றே பலரிடம் சொல்லப்பட்டது. சரிபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று மென்பொருள் நம்பியது; அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார்.

சுமார் 5.5 லட்சம் தகுதியற்றோர் கணக்குகளுக்கு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் சென்றதாக 2020 செப்டம்பரில் மாநில அரசு தெரிவித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகியன அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அடங்கும். குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 80 பேர் பணிநீக்கமும் 34 பேர் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டனர். பணம் வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தரகருக்குப் பங்கு கொடுத்த ஏழைகளும் முழுத் தொகையையே திருப்பித் தர வேண்டியிருந்தது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதும் 20.48 லட்சம் தகுதியற்றோருக்கு 1,364 கோடி ரூபாய் சென்றிருந்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற விடையொன்றின் மூலம் 2021 சனவரியில் தெரியவந்தது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வருமான வரி செலுத்துவோர்.

பின்னர் ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2025 இல் தமிழ்நாட்டில் உழவர்களுக்கு நில விவரத்துடன் இணைந்த தனி அடையாள எண் வழங்கும் பணி தொடங்கியது. இவ்வெண்ணும் பட்டாவையே அடிப்படையாகக் கொண்டது.