நுரைச்சோலைக் கடலில் கப்பல் எரியெண்ணெய்

நுரைச்சோலை அனல்மின் நிலையம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அதன் புகைபோக்கியையும் சாம்பலையும் சுற்றியே நிகழ்கின்றன. 2011இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்திற்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் எதை எரிக்கின்றன என்று கேட்போர் அரியர். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் அவை கரைக்கப்பால் நங்கூரமிட்டு, தட்டைப் படகுகளில் சரக்கை இறக்குகின்றன. வடக்கே, கற்பிட்டிக்கு அப்பால், 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடர் கிடக்கிறது. தெற்கே உடப்பு மீனவரின் கரைவலைப் பாடுகள் உள்ளன.

கப்பல் எரியெண்ணெயின் கந்தக உச்ச அளவை, 2020 ஜனவரி 1 முதல், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாகக் குறைத்தது. காற்றுக்கு இது நன்மையே. ஆயினும் கந்தகம் குறைந்த எண்ணெய் நன்றாக எரியும் என்றோ, தொட்டியில் கெடாதிருக்கும் என்றோ பொருளில்லை.

எரிபற்றும் தன்மை வழக்கமாக அடர்த்தியையும் பாகுநிலையையும் கொண்டு கணிக்கப்படும் ஒரு சுட்டெண்ணால் குறிக்கப்படுகிறது. அவ்வெண் உயர்ந்தால் எரிபற்றல் தாமதிக்கும். தாமதித்த எண்ணெய் ஒருசேரப் பற்றி உருளையை அதிர்விக்கும். பொதுவான கன எண்ணெய் வகைகளுக்கு 870 உச்ச வரம்பு. எரித்துப் பாராது கணக்கிட்டுப் பெறும் மதிப்பீடாகையால் அதனை முற்றாக நம்புதல் தகாது. மெதுவாகச் சுழலும் பிரதான இயந்திரம் இத்தாமதத்தை ஓரளவு பொறுக்கும்; விரைந்து சுழலும் துணை இயந்திரங்கள் அவ்வளவு பொறா. நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு மின் வழங்குபவையோ இத்துணை இயந்திரங்களே.

உறுதிநிலை இதனினும் நுண்ணியது. கன எண்ணெயில் அஸ்பால்ட்டீன் எனும் தார்ப்பண்புடைய பெருமூலக்கூறுகள் மிதக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பவை அரோமற்றிக்குச் சேர்வைகள். கந்தகத்தைக் குறைக்கப் பரபின் மிகுந்த எண்ணெய் கலக்கப்படும்போது அத்தாங்கல் தளர்ந்து, அஸ்பால்ட்டீன் கசடாகப் படியலாம். தனித்தனியே உறுதியான இரு எண்ணெய்கள் ஒரே தொட்டியில் சேர்ந்து கெடுவதும் இதனாலேயே. கசடு வடிகளை அடைத்தால் இயந்திரம் நிற்கும். இதைக் கண்டறியும் சோதனை மிக எளியது: சூடாக்கிய கலவையில் ஒரு துளியை வடிதாளில் இட்டு உலர்த்தினால், உறுதியற்றதாயின் நடுவே கரிய வளையம் தோன்றும்.

எண்ணெய் ஏற்றுகையில் வழங்கப்படும் கட்டாயப் பற்றுச்சீட்டில் கந்தக அளவும் அடர்த்தியும் எழுதப்படுகின்றன. உறுதிநிலையை எழுத வேண்டுமென்ற விதி இல்லை. சட்டம் காற்றை நினைத்தது, கரையை நினைக்கவில்லை எனலாம். நிலக்கரிக்கான ஒப்பந்தத்திலேயே, தொட்டிகளைக் கலவாது வைத்தலையும் துளிச் சோதனையின் தாளைக் கப்பல் காட்டுதலையும் நிபந்தனையாக்க அரசுக்குத் தடையேதும் இல்லை.